வாணவேடிக்கையும் தீக்காயத் தடுப்பும்

தீபாவளி, விஷு, குருநானக் ஜயந்தி, கோயில் திருவிழா, திருமண ஊர்வலம் ஆகிய மகிழ்ச்சியான நிகழ்ச்சிகள் பலவற்றிலும் இந்திய மக்கள் வாணவேடிக்கையை விரும்பி நடத்துகின்றனர். அம்மகிழ்ச்சியின் மறுபக்கத்தை அன்றிரவே மருத்துவமனைகளில் காணலாம். கை வெந்த சிறுவர்களும், ஆடையில் தீப்பிடித்த பெண்களும், வெடித் துணுக்கு பட்டுக் கண் சிவந்தவர்களும் அங்கு வந்து சேர்கின்றனர். இவர்களுள் சிலர் பட்டாசைக் கையால் தொட்டவர்கள்கூட அல்லர்; வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்கள்.

இக்காயங்களில் பெரும்பாலானவை தவிர்க்கத் தக்கவை. தவிர்க்க முடியாது நேர்ந்தவற்றிலும், முதல் சில நிமிடங்களில் செய்யப்படும் உதவியைப் பொறுத்துத் தழும்பும் ஊனமும் குறைகின்றன. மருத்துவர் நோயாளியைக் காண்பது விபத்துக்குப் பின்னரே. பண்டிகைக்கு முன்பே மக்களைச் சந்திக்கக்கூடியவர்கள் ஆசிரியர்களும் களப் பணியாளர்களுமே ஆவர். ஆகவே அவர்கள் இப்பொருளின் அறிவியல் அடிப்படையையும் செயல்முறையையும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

வாணங்களில் நிகழும் இரசாயன மாறுதல்

விறகு எரிவதற்கு வேண்டிய பிராணவாயு காற்றிலிருந்து கிடைக்கிறது. ஆகையால் எரியும் விறகை மண்ணால் மூடினால் தீ அணைந்துவிடுகிறது. வாணங்களின் நிலை வேறு. கரி, கந்தகம், அலுமினியத் தூள் போன்ற எரிபொருள்களுடன், பிராணவாயுவைத் தன்னுள் அடக்கிய வெடியுப்பு முதலிய உப்புகளும் அவற்றில் கலந்துள்ளன. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்டு ஆகும். ஸ்ட்ரான்ஷியம் உப்புகள் சிவப்பு நிறத்தையும், பேரியம் உப்புகள் பச்சை நிறத்தையும், தாமிர உப்புகள் நீல நிறத்தையும் தருகின்றன.

இந்த ஓர் உண்மையிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும்.

முதலாவது, பற்றிக்கொண்ட வாணத்தை மூடி அணைக்க இயலாது. அதற்கு வேண்டிய பிராணவாயு அதனுள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது, மருந்து எரியும்போது சூடான வாயுக்கள் மிக விரைவாக உண்டாகின்றன. அவை வெளியேற வழியிருந்தால் பூவாகச் சொரியும், வழியில்லாவிடில் வெடிக்கும். தகர டப்பா, கண்ணாடிப் புட்டி, கொட்டாங்கச்சி, மண்பானை ஆகியவற்றின் அடியில் பட்டாசை வைத்துக் கொளுத்தும் சிறுவர், அப்பாத்திரத்தின் சிதறல்களையே குண்டுகளாக மாற்றிவிடுகின்றனர்.

மூன்றாவது, மருந்து தீயினால் மட்டுமன்றி உராய்வினாலும் அடியினாலும் பற்றக்கூடும். குளோரேட்டு உப்பும் கந்தகமும் சேர்ந்த கலவை உராய்வினால் மிக எளிதில் வெடிப்பதால், அக்கலவை இந்தியாவில் 1992ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. பண்டிகைக்கு மறுநாள் காலையில் தெருவில் கிடக்கும் வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்கி, அவற்றைப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தும் பழக்கம் சிறுவரிடையே உண்டு. வாணவேடிக்கை முடிந்துவிட்டதெனப் பெரியோர் கவனம் தளர்ந்திருக்கும் வேளையில் நிகழும் இவ்விளையாட்டு, முகத்தையும் இரு கைகளையும் ஒருங்கே பொசுக்கிவிடும்.

மத்தாப்பு தீங்கற்றதா?

பட்டாசைக் கண்டு அஞ்சும் பெற்றோரும் கம்பி மத்தாப்பை மூன்று வயதுக் குழந்தையின் கையில் தயக்கமின்றிக் கொடுக்கின்றனர். கம்பி மத்தாப்பு எரியும்போது அதன் உஷ்ணநிலை 1000 டிகிரி சென்டிகிரேடையும் கடக்கிறது. வெள்ளி உருகுவதற்கு ஏறத்தாழ 962 டிகிரியே போதும் என்பதை நினைவிற்கொண்டால் இதன் கடுமை விளங்கும்.

அவ்வாறாயின், மத்தாப்பின் பொறிகள் கையில் விழும்போது ஏன் பெரும்பாலும் சுடுவதில்லை என்று மாணவர் வினவக்கூடும். உஷ்ணநிலைக்கும் வெப்ப அளவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதற்கு இதனினும் சிறந்த உதாரணம் இல்லை. பொறி என்பது மிக நுண்ணிய உலோகத் துகள். அதன் உஷ்ணநிலை உயர்ந்ததாயினும், அதிலுள்ள வெப்பத்தின் அளவு மிகச் சொற்பம். தோலைத் தொட்டவுடன் குளிர்ந்துவிடுகிறது. எரிந்து முடிந்த கம்பியோ பருமனுடையது. ஒளி மங்கிச் செந்நிறம் மறைந்த பின்னரும் அதில் மிகுந்த வெப்பம் தங்கியிருக்கிறது. வெறுங்காலுடன் அதை மிதிக்கும் குழந்தையின் பாதம் வெந்துவிடுவது இதனாலேயே. கண்ணிலோ மெல்லிய நூலாடையிலோ விழும் பொறி சிறியதாயினும் தீங்கானதே.

பல மத்தாப்புகளை ஒன்றாகக் கட்டிக் கொளுத்துதல் கூடாது. ஒவ்வொன்றின் வெப்பமும் மற்றவற்றைத் தூண்டுவதால் கட்டு முழுவதும் ஒரே கணத்தில் சீறிப் பற்றும்.

தோலும் வெப்பமும்

தோலின் உயிரணுக்கள் பெரும்பாலும் புரதத்தாலும் நீராலும் ஆனவை. வெப்பம் மிகும்போது புரதம் தன் இயல்பை இழந்து உறைகிறது. 60 டிகிரி உஷ்ணநிலையுள்ள நீர் ஏறத்தாழ ஐந்து விநாடிகளில் ஆழ்ந்த காயத்தை உண்டாக்கும்; 70 டிகிரியில் ஒரு விநாடியே போதும். குழந்தைகளின் தோல் மெல்லியதாதலால் அவர்களுக்கு இன்னும் விரைவில் தீங்கு நேரும்.

இதைக் கோழிமுட்டையைக் கொண்டு வகுப்பில் விளக்கலாம். கொதிக்கும் நீரில் இரு முட்டைகளை ஆறு நிமிடம் வேகவைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் எடுக்க வேண்டும். ஒன்றை உடனே குளிர்ந்த நீரில் இட்டு, மற்றொன்றைத் துணியில் பொதிந்து வைத்துப் பத்து நிமிடம் சென்றபின் இரண்டையும் அறுத்துக் காட்டுக. நீரிலிட்ட முட்டையின் மஞ்சட்கரு இளகியிருக்கும். துணியில் பொதிந்ததன் மஞ்சட்கரு மேலும் இறுகியிருக்கும். அடுப்பிலிருந்து எடுத்த பின்னரும் உள்ளே தங்கிய வெப்பம் தொடர்ந்து வேகவைத்திருக்கிறது.

தீயிலிருந்து விலகிய கையிலும் இதுவே நிகழ்கிறது. தீ அணைந்தாலும் தோலினுள் தங்கிய வெப்பம் ஆழமாகப் பரவிக்கொண்டிருக்கும். வெந்துபோன பகுதியை நீர் மீட்டுத் தராது. ஆயினும் இன்னும் வேகாத பகுதியை அது காப்பாற்றும். தீக்காய முதலுதவியின் முழு நியாயமும் இவ்வளவே.

விபத்துகள் நேரும் விதம்

வடநாட்டில் 'அனார்' என்றும் தென்னாட்டில் புஸ்வாணம், பூச்சட்டி என்றும் வழங்கப்படும் வாணமே தீக்காயங்களுக்கு அடிக்கடி காரணமாவனவற்றுள் ஒன்று. அது வெடிக்காது என்ற நம்பிக்கையில் மக்கள் அதன்மேல் குனிந்து கொளுத்துகின்றனர். திரி உடனே பற்றாவிடில் மேலும் குனிந்து ஊதுகின்றனர். அவ்வேளையில் அது சீறியெழுந்தால் முகமும் கையும் வெந்துவிடுகின்றன. கூட்டில் விரிசலிருந்தாலும், வாய் அடைபட்டிருந்தாலும் புஸ்வாணம் வெடிக்கவும் கூடும்.

தளர்ந்து தொங்கும் ஆடை மற்றொரு காரணம். துப்பட்டா, முந்தானை, பாவாடை ஆகியவற்றின் நுனி, தரையில் எரியும் சக்கரத்தின்மீதோ வாசலில் ஏற்றிய அகல்விளக்கின்மீதோ பட்டுப் பற்றிக்கொள்கிறது. நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்வதால் காயம் ஆழமாகிறது. பருத்தி உருகுவதில்லை, எனினும் அதுவும் எரியக்கூடியதே. ஆகவே உடலோடு பொருந்திய, சற்றுத் தடித்த பருத்தி ஆடையே ஏற்றது.

ராக்கெட்டைப் புட்டியில் சாய்வாக நிறுத்துதல், பட்டாசைக் கையிற் பிடித்துக் கொளுத்தி வீசுதல், சட்டைப்பையில் பட்டாசுகளை வைத்துக்கொண்டு மத்தாப்புக் கொளுத்துதல், திறந்த பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெடித்தல் ஆகியவை எஞ்சிய விபத்துகளுக்குக் காரணங்களாகும்.

இறுதியிற் கூறியதன் விளைவை நாடு ஒருமுறை பேரளவில் கண்டது. 2016 ஏப்ரல் 10 அன்று அதிகாலையில், கேரளத்தில் கொல்லம் மாவட்டம் பரவூரிலுள்ள புற்றிங்கல் கோயிலில் நிகழ்ந்த வாணவேடிக்கையின்போது, வாணங்கள் சேமிக்கப்பட்டிருந்த கட்டடத்தில் தீப்பற்றி வெடித்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொளுத்தும் இடமும் சேமிக்கும் இடமும் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் இருக்க வேண்டும் என்னும் விதி பெருந்திருவிழாவுக்கும் வீட்டு வாசலுக்கும் பொதுவானது.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. உரிமம் பெற்ற கடையிலேயே வாணங்களை வாங்குக. அவற்றை மூடிய பெட்டியில், சமையலறைக்கும் விளக்குக்கும் தொலைவான, உலர்ந்த இடத்தில் வைத்திடுக.

2. திறந்த வெளியில் மட்டுமே கொளுத்துக. மாடிப்படி, குறுகிய சந்து, வைக்கோற்போர், கூரைவீடு, வாகனங்கள் ஆகியவற்றின் அருகில் கூடாது.

3. தொடங்குமுன் இரண்டு வாளி நீரும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எரிந்த மத்தாப்புக் கம்பிகளை உடனுக்குடன் ஒரு வாளி நீரில் இடுக. மற்றொரு வாளி தூய நீராகவே இருத்தல் வேண்டும்.

4. நீண்ட ஊதுவத்தியால், கையை முழுவதும் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு திரியின் நுனியைப் பற்றவைத்து, உடனே பின்வாங்குக. தீக்குச்சி கையை வாணத்தின் அருகில் கொண்டு செல்வதால் அது தகாது.

5. ஒரு சமயத்தில் ஒருவர், ஒரு வாணம் மட்டுமே. மற்றவர்கள் சில மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

6. காலணி அணிக. நீண்ட கூந்தலை முடிந்துகொள்க. சாராயம் கலந்த கைத்தூய்மி பூசிய கையுடன் தீயை அணுகலாகாது.

7. சிறுவர் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டுமே வாணங்களைக் கையாள வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் மத்தாப்பும் கொடுத்தல் கூடாது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எவரும் கொளுத்தலாகாது.

8. பற்றாத வாணத்தை அணுகாமல் 20 நிமிடம் விட்டுவைத்து, பின்னர் எட்ட நின்று நீரூற்றி நன்கு நனைத்து அப்புறப்படுத்துக. மீண்டும் கொளுத்த முயலற்க.

கார்பைடுக் குழாய் என்னும் புதிய அபாயம்

பிளாஸ்டிக் அல்லது தகரக் குழாயில் கால்சியம் கார்பைடையும் நீரையும் இட்டு வெடிக்கச் செய்யும் கருவி அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. 2025ஆம் ஆண்டு தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் இதனால் பல சிறுவர்களின் கண்கள் பாதிக்கப்பட்டன.

கார்பைடு நீருடன் சேரும்போது அசெட்டிலீன் என்னும் எரிவாயுவும் சுண்ணாம்பும் உண்டாகின்றன. வாயு வெடிக்கத் தாமதமானால் சிறுவர் குழாயினுள் எட்டிப் பார்க்கின்றனர். அக்கணமே அது வெடித்தால் தீச்சுவாலையும் காரச் சுண்ணாம்பும் சேர்ந்து கண்ணைத் தாக்குகின்றன. இது விளையாட்டுப் பொருளன்று. இதைக் கண்ட ஆசிரியர் பெற்றோருக்கும் உள்ளூர் அதிகாரிகளுக்கும் உடனே தெரிவித்தல் கடமையாகும்.

முதலுதவி

ஆடையில் தீப்பிடித்தவர் ஓடலாகாது. ஓடினால் காற்று மிகுந்து தீ வளரும். அவரை நிறுத்தி, தரையில் படுக்கச்செய்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருளச் சொல்ல வேண்டும். தடித்த கம்பளியாலோ சமுக்காளத்தாலோ போர்த்தலாம். நீர் கிடைத்தால் தாராளமாக ஊற்றலாம்.

தீ அணைந்தவுடன் வெந்த பகுதியைக் குளிர்ந்த குழாய்நீரின் கீழ் 20 நிமிடம் காட்ட வேண்டும். குழாய் இல்லாத இடத்தில் குடத்து நீரைச் சிறுகச் சிறுக இடைவிடாது ஊற்றலாம். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் தணிந்ததென்று நிறுத்திவிடுதல் தவறு. உடனே செய்ய இயலாவிடினும், விபத்து நேர்ந்து மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. பற்றாத வாணத்துக்கு 20 நிமிடம், வெந்த தோலுக்கு 20 நிமிடம் என இரண்டையும் சேர்த்துக் கற்பித்தால் மாணவர் மறவார்.

நீர் ஊற்றும்போதே மோதிரம், வளையல், கடிகாரம், அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். சிறிது நேரத்தில் வீக்கம் கண்டு அவை இறுகிவிடும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்த்தெடுக்கக் கூடாது; சுற்றிலும் கத்தரித்து விடலாம். காயம் பரந்ததாயின், குறிப்பாகக் குழந்தையாயின், வெந்த இடத்தை மட்டும் குளிரவைத்து உடலின் மற்றப் பகுதியைப் போர்த்தி வைத்தல் வேண்டும். பின்னர் சலவை செய்த பருத்தித் துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

பேனா மை, பற்பசை, மாவு, வெண்ணெய், எண்ணெய், மஞ்சள், முட்டையின் வெண்கரு ஆகியவற்றைத் தடவுதல் நாடெங்கும் காணப்படும் பழக்கம். அன்பினால் செய்யப்படுவதாயினும் இது கேடு தருவது. இப்பூச்சுகள் வெப்பத்தை உள்ளேயே தேக்குகின்றன; கிருமிகளைப் புகுத்துகின்றன; காயத்தின் ஆழத்தை மருத்துவர் காணாதபடி மறைக்கின்றன. அவற்றைச் சுரண்டியெடுக்கும்போது நோயாளி இரண்டாம் முறை துன்புற நேரிடுகிறது. பனிக்கட்டியும் ஆகாது, அது இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். கொப்புளங்களை உடைத்தலும் கூடாது.

நோயாளியின் உள்ளங்கை, விரல்கள் உட்பட, அவருடைய உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஆகும். இந்த அளவுகோலைக் கொண்டு காயத்தின் பரப்பைக் களப் பணியாளர் எளிதில் மதிப்பிடலாம். குழந்தைகளுக்கு நூற்றில் பத்துப் பங்குக்கு மேலும், பெரியவர்களுக்குப் பதினைந்து பங்குக்கு மேலும் வெந்திருந்தால், உடலின் நீர் வெகுவாகக் கசிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆயினும் பரப்பு ஒன்றே அளவன்று. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் நேர்ந்த காயம் சிறிதாயினும் மருத்துவமனைக்கு உரியது. வெளுத்தோ கருகியோ வலியற்றிருக்கும் காயம் எளியதென எண்ணற்க. நரம்புகளும் வெந்துவிட்டதனாலேயே அங்கு வலியில்லை. மூட்டில் ஆறும் ஆழ்ந்த காயத்தின் தழும்பு சுருங்கி விரலை மடக்கிவிடும். தக்க சிகிச்சை பெறாத சிறுவன் பின்னாளில் எழுதுகோலைப் பிடிக்கவும் இயலாதவனாகக் கூடும்.

எந்தத் தீக்காயத்துக்கும் இசிவுநோய்த் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். 112 என்ற பொது அவசர எண்ணிலும், பெரும்பாலான மாநிலங்களில் 108 என்ற எண்ணிலும் உதவி பெறலாம்.

கண்ணும் செவியும்

வெடித் துணுக்கு கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. கண்ணில் கீறலோ, குத்தியிருக்கும் பொருளோ, இரத்தமோ காணப்பட்டால் கழுவாமலும் அழுத்தாமலும், ஒரு காகிதக் கிண்ணத்தைக் கண்மீது படாதவாறு கவிழ்த்துக் கட்டி, உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சுண்ணாம்போ மருந்துத் தூளோ மட்டும் விழுந்திருந்தால், தாமதமின்றித் தூய நீரால் நெடுநேரம் கழுவிய பின்னரே புறப்பட வேண்டும். காரப்பொருள் கண்ணில் தங்கும் ஒவ்வொரு நிமிடமும் பார்வையைக் குறைக்கும்.

வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஒலி எழுப்பும் வெடிகளை உற்பத்தி செய்வதும் விற்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. காதருகே வெடித்த பின் இரைச்சலோ மந்தமோ மறுநாளும் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

சட்டமும் பசுமைப் பட்டாசும்

மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள அமைதி மண்டலங்களில் ஒலியெழுப்பும் வெடிகள் கூடா. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை எங்கும் கூடா. உச்சநீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று அளித்த தீர்ப்பில், மாசு குறைந்த பட்டாசுகளையும் பசுமைப் பட்டாசுகளையும் மட்டுமே அனுமதித்து, சரவெடிகளையும் பேரியம் உப்புகளையும் விலக்கியது. மாநில அரசுகள் ஆண்டுதோறும் வெளியிடும் நேர வரையறைகளைக் களப் பணியாளர் முன்னதாகவே கேட்டறிந்து மக்களுக்கு அறிவித்தல் நலம்.

பசுமைப் பட்டாசு நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வினால் உருவானது. அது புகையையும் நுண்துகளையும் குறைக்கிறது. ஆயினும் அதுவும் தீயே. 'பசுமை' என்ற சொல்லைக் கேட்டு அது சுடாது என்று மக்கள் எண்ணிவிடாதவாறு விளக்குதல் வேண்டும்.

செய்யத்தக்க பணிகள்

பண்டிகைக்கு முந்திய வாரத்தில் ஆசிரியர் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். முட்டைச் சோதனையை நடத்திக் காட்டலாம். நின்று, படுத்து, உருளும் முறையை மாணவரைக் கொண்டே பயிற்றலாம். வெறும் உபதேசத்தினும் ஒருமுறை செய்து பழகியதே ஆபத்து வேளையில் நினைவுக்கு வரும். களப் பணியாளர் தாய்மார் கூட்டங்களில், "உங்கள் வீட்டில் கை சுட்டால் முதலில் எதைத் தடவுவீர்கள்?" என்று வினவித் தொடங்கலாம். விடைகளைக் கேட்டபின் நீரின் பயனை விளக்கினால் அது மனத்தில் பதியும். பண்டிகைக்கு மறுநாள் காலையில் பெரியோர் ஒன்றுகூடித் தெருவைப் பெருக்கி, எஞ்சிய பட்டாசுகளை நீரில் நனைத்து அகற்றும் வழக்கத்தை ஒவ்வோர் ஊரிலும் ஏற்படுத்தலாம்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. வாசலில் ஒரு வாளி தூய நீரும், அதை இருபது நிமிடம் பயன்படுத்த வேண்டும் என்ற அறிவும் இருந்தால், ஒரு குழந்தையின் கை வாழ்நாள் முழுவதும் ஊனமின்றி இயங்கும்.